கிழக்கைக் குறிக்கும் சீன எழுத்தும் அதன் நான்கு வீடுகளும்

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியுள்ள ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ‘டோக்கியோ’ என்ற பெயரின் முதல் எழுத்து, மரக்கிளைகளுக்கு நடுவே எழுந்துவரும் சூரியனின் படம் என்றும், அதனால்தான் அது கிழக்கைக் குறிக்கிறது என்றும் பயிற்சி நூல்கள் சொல்கின்றனவே, அது உண்மையா? சீனம், கொரியம், வியட்நாமியம் ஆகிய மொழிகளிலும் அந்த எழுத்துக்கு அதே பொருள்தானா?

முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. இரண்டாவதற்கு, திசை என்ற அளவில் ஆம் என்று சொல்லலாம். ஆனால் கிழக்கு என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த எழுத்தை வைத்து உண்டான சொற்கள் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு கடலையும் வெவ்வேறு நகரையும் சுட்டுகின்றன. என்னைக் கேட்டால், எழுத்தின் பிறப்பைக் காட்டிலும் சுவையான பகுதி அதுதான். இருந்தாலும் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

மரபு வடிவத்தில் இந்த எழுத்தை எட்டுக் கோடுகளால் எழுதுகிறார்கள். நடுவில் ஒரு நெடுங்கோடு, மேலே ஒரு குறுக்குக்கோடு, கீழே இருபுறமும் சரியும் இரண்டு கோடுகள். இவை சேர்ந்தால் ‘மரம்’ என்னும் எழுத்து. அதன் நடுப்பகுதியில் உள்ளே ஒரு கோடு கொண்ட பெட்டி. அது ‘சூரியன்’ என்னும் எழுத்து. இப்படிப் பார்த்தால் மரத்துக்குள் சூரியன் என்ற விளக்கம் தானாகவே தோன்றிவிடுகிறது. அந்த விளக்கம் இன்று நேற்று வந்ததும் இல்லை. ஹான் பேரரசுக் காலத்தில் சூ ஷென் என்ற அறிஞர் கி.பி. 100இல் முடித்து, 121இல் அவர் மகன் அரசவையில் அளித்த ‘ஷுவோவென் ஜியேசி’ என்ற அகராதியிலேயே அது இருக்கிறது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் பகுத்து விளக்கிய அந்த நூல்தான் சீன எழுத்தியலுக்கு அடிப்படை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூ ஷென் இந்த எழுத்துக்கு முதலில் தரும் விளக்கம் ‘அசைவது’ என்பது. சீனத்தில் ‘கிழக்கு’, ‘அசைவு’ என்னும் இரண்டு சொற்களும் கிட்டத்தட்ட ஒரே ஒலி உடையவை என்பதால், ஒலியை வைத்துச் சொன்ன பொருள் அது. அதற்குப் பிறகே, “மரத்தின் நடுவே சூரியன் என்கிறார் குவான் பூ” என்று இன்னொருவர் பெயரைச் சொல்லி அந்த விளக்கத்தைப் பதிவுசெய்கிறார். அதாவது, இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர் பேரில் வழங்கும் விளக்கத்தை அவரே மற்றொருவர் கருத்தாகத்தான் எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தக் கருத்து ஊன்றிப்போனதற்குக் காரணங்களும் உண்டு. சூரியன் மரத்துக்கு மேலே இருந்தால் ‘பளிச்சென்ற’ என்றும், கீழே இருந்தால் ‘இருண்ட’ என்றும் பொருள்படும் இரண்டு எழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. நடுவே இருப்பது கிழக்கு என்றால் மூன்றும் ஒரு வரிசையாக அமைந்துவிடுகின்றன. கிழக்குக் கடலுக்கு அப்பால் நிற்கும் ஃபுசாங் என்ற மரத்திலிருந்துதான் சூரியன்கள் புறப்படுகின்றன என்ற பழங்கதையும் அதற்குத் துணைநின்றது.

சூ ஷென்னுக்குக் கிடைக்காத சான்று 1899க்குப் பிறகு வெளிவந்தது. ஹெனான் மாநிலத்தின் ஆன்யாங் பகுதியில், ஷாங் அரசர்கள் குறிகேட்கப் பயன்படுத்திய ஆமை ஓடுகளும் மாட்டு எலும்புகளும் ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்தன. ஏறத்தாழ கி.மு. 1200 அளவிலிருந்து கீறப்பட்ட அந்த எழுத்துகளில் ‘கிழக்கு’ எப்படி இருக்கிறது என்று பார்த்தால், அது மரமாகத் தெரிவதில்லை. நடுவில் உப்பிய வயிறு, மேலும் கீழும் கயிற்றால் சுருக்கிக் கட்டிய இரு முனைகள், வயிற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய கட்டு. இருபுறமும் கட்டிய ஒரு மூட்டை அது. அதே எலும்புகளில் ‘சூரியன்’ என்ற எழுத்தை ஒரு வட்டம் அல்லது கட்டத்துக்குள் ஒரு சிறு கோடாக மட்டும் கீறினார்கள். ‘கிழக்கு’ எழுத்தின் வயிற்றிலோ பல இடங்களில் சிலுவைபோலவோ பெருக்கல்குறிபோலவோ கோடுகள் வெட்டிச் செல்கின்றன. சூரியனை எழுத நினைத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் சூ ஜோங்ஷு முதலிய ஆய்வாளர்கள் இதைப் பையைக் குறிக்கும் பழைய எழுத்தோடு இணைத்துக் காட்டினர். இன்று எழுத்தியலாளர் பெரும்பாலோர் ஏற்பது அதையே.

இதற்கு உறுதியான துணைச்சான்று ‘கனம்’ என்ற எழுத்து. மிகப் பழைய வெண்கலப் பாத்திரங்களில் அது, ஒரு மனிதனும் அவன் முதுகோடு ஒட்டிய இந்த மூட்டையுமாக வரையப்பட்டிருக்கிறது. மூட்டை சுமப்பவனுக்குக் கனம் தெரியும். முதுகில் கிழக்குத் திசையைச் சுமப்பதாகச் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. ‘கனம்’ எழுத்தோடு ‘வலிமை’ என்ற எழுத்தைச் சேர்த்தால் கிடைப்பதுதான் சூ ஷென் சொன்ன ‘அசைவு’ எழுத்து. ஆகவே அவர் ஒலியை வைத்துத் தொட்ட உறவு, அவர் அறியாத வேறொரு வழியில் உண்மையாகிறது.

அப்படியானால் மூட்டை எப்படிக் கிழக்கானது? ஒலியால்தான். திசை போன்ற கருத்தைப் படமாக வரைய முடியாது. அதனால் அதே ஒலியுடைய, வரையக்கூடிய ஒரு பொருளின் எழுத்தை இரவல் வாங்கினார்கள். இதைச் சீன இலக்கண மரபு ‘கடன் எழுத்து’ என்கிறது. மற்றத் திசைகளும் பெரும்பாலும் இப்படி வந்தவையே. மேற்கின் எழுத்து ஒரு கூடையாகவோ பறவைக் கூடாகவோ இருந்திருக்கலாம். தெற்கு, தொங்கவிட்டு அடிக்கும் மணிபோன்ற ஓர் இசைக்கருவி என்பது பலர் கருத்து. வடக்கு மட்டும் சற்று வேறு. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு மனிதர்கள் அதில் இருக்கிறார்கள்; முதலில் ‘முதுகு’ என்ற பொருளே அதற்கு இருந்தது. அரசன் தெற்கு நோக்கி அமர்வான் என்பதால் அவன் முதுகுப்புறம் வடக்காயிற்று.

ஷாங் காலத்திலேயே இந்தக் கடன் முடிந்து நிலைபெற்றுவிட்டது. குறியெலும்பு ஒன்றில் இன்று மழை வருமா என்று கேட்டுவிட்டு, மேற்கிலிருந்து வருமா, கிழக்கிலிருந்து வருமா, வடக்கிலிருந்து வருமா, தெற்கிலிருந்து வருமா என்று நான்கு வரிகளில் அடுக்கிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே அந்த மூட்டை திசையைத் தவிர வேறெதையும் குறிக்கவில்லை.

இனி ஒலிக்கு வருவோம். வடசீனப் பொதுமொழியில் இதை ‘டோங்’ என்றும், தென்சீனத்தில் பேசும் காண்டனீயத்தில் ‘டுங்’ என்றும் ஒலிக்கிறார்கள். கொரியத்திலும் ‘டோங்’, வியட்நாமியத்திலும் ஏறக்குறைய ‘டோங்’. ஜப்பானியத்தில் மட்டும் ‘டோ’ என்று ஈற்றெழுத்து தேய்ந்து உயிர் நீண்டது. சீனத்தின் ‘டோங்ஜிங்’ ஜப்பானில் ‘டோக்யோ’ ஆனபோது இரண்டு அசைகளிலும் ‘ங்’ உதிர்ந்திருப்பதைக் காணலாம். கொரியரும் வியட்நாமியரும் அதே இரண்டு எழுத்துகளை ‘டோங்க்யோங்’, ‘டோங் கின்’ என்று மெய் கெடாமல் வாசிக்கிறார்கள். கவிதை எழுதப் பழகிய கிழக்காசியர் எவருக்கும் இந்த ஒலி மறக்காது. ஏனென்றால் 601இல் தொகுக்கப்பட்ட ‘சியேயுன்’, 1008இல் அதை விரித்து வெளிவந்த ‘குவாங்யுன்’ ஆகிய ஓசையகராதிகளில் முதல் இயைபுத் தொகுதியின் பெயரே ‘கிழக்கு’ என்பதுதான். நம் அரிச்சுவடிக்கு அகரம் எப்படியோ, அவர்கள் யாப்புக்கு இந்த எழுத்து அப்படி.

ஜப்பானியர் சீன ஒலியோடு நிற்கவில்லை; தங்கள் சொந்தச் சொற்களையும் அதே எழுத்தின்மேல் ஏற்றினார்கள். ‘ஹிகாஷி’ என்பது அப்படிப்பட்ட சொல். ‘சூரியனை நோக்கிய பக்கம்’ என்று பொருள்படும் ‘ஹிமுகாஷி’ என்ற பழைய வடிவத்திலிருந்து அது தேய்ந்து வந்தது என்பார்கள். ஆக, எழுத்தில் இல்லாத சூரியன் ஜப்பானியச் சொல்லில் இருக்கிறது. ‘அசுமா’ என்ற மூன்றாவது வாசிப்பும் உண்டு. அது ஜப்பானின் கிழக்கு நாட்டுப்புறத்தைக் குறித்த பழம்பெயர். இளவரசன் யமாதோ தகேரு கடலில் மறைந்த தன் மனைவியை நினைத்து ‘அசுமா ஹ யா’, அதாவது ‘ஐயோ, என் மனைவி’ என்று புலம்பியதால் அப்பெயர் வந்ததாக 712இல் தொகுக்கப்பட்ட ‘கோஜிகி’ என்ற பழைய வரலாற்று நூல் கூறுகிறது. இடத்துக்குப் பெயர் வந்த கதைகளை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான் இதையும் நம்பலாம்.

சீனத்தில் இந்த எழுத்து திசையைத் தாண்டி வேறொரு பொருளுக்குள் நுழைந்தது. மற்ற மொழிகளில் அது சமமாகப் பரவவில்லை. கி.மு. 630இல் சின் நாட்டுப் படையும் ஜின் நாட்டுப் படையும் ஜெங் என்ற சிறு நாட்டை முற்றுகையிட்டன. ஜெங் நாட்டுத் தூதர் இரவில் சென்று சின் அரசரிடம், “எங்களை அழிக்காமல் விட்டால், கிழக்கே செல்லும் உங்கள் தூதர்களுக்கு வழியில் வேண்டியதைத் தரும் விருந்தோம்புநராக இருப்போம்” என்று வாதாடி முற்றுகையை விலக்கினார். ‘கிழக்கு வழியின் உரிமையாளர்’ என்ற அந்தத் தொடர் இன்றும் சீனத்தில் விருந்தளிப்பவரையும் போட்டிகளை நடத்தும் நாட்டையும் குறிக்கிறது. வீட்டுக்கு வந்தவர் மேற்குப் படியிலும் வீட்டுக்காரர் கிழக்குப் படியிலும் ஏறவேண்டும் என்ற பழைய சடங்கு விதியும் இதற்கு வலுச்சேர்த்தது. அதனால் சீனத்தில் ‘கிழக்காக இருக்கிறேன்’ என்றால் ‘இன்றைய சாப்பாட்டுச் செலவு என்னுடையது’ என்று பொருள். வீட்டு உரிமையாளர் ‘வீட்டுக் கிழக்கு’. நிறுவனத்தின் பங்குதாரர் ‘பங்குக் கிழக்கு’. வியட்நாமியர் இந்தக் கடைசிச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு பங்குதாரரைக் ‘கோ டோங்’ என்கிறார்கள். ஜப்பானியரும் கொரியரும் அதற்கு முற்றிலும் வேறு எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள்.

‘கிழக்கு மேற்கு’ என்று இரண்டு எழுத்துகளையும் சேர்த்துச் சொன்னால் சீனத்தில் ‘பொருள், சாமான்’ என்றாகும். தலைநகரில் கிழக்குச் சந்தை, மேற்குச் சந்தை என இரண்டு இருந்ததால் அப்படி என்றும், சீனரின் ஐம்பூதக் கணக்கில் (மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்) கிழக்கு மரம், மேற்கு உலோகம் என்பதால் அவற்றைக் கூடையில் போட்டுக்கொள்ளலாம், தெற்கின் நெருப்பையும் வடக்கின் நீரையும் போட முடியாது என்றும் விளக்குவார்கள். இரண்டாவது விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

ஐம்பூதக் கணக்கு மற்ற இடங்களில் உண்மையாகவே வேலை செய்திருக்கிறது. கிழக்குக்கு மரம், வசந்தம், பச்சைநீலம், அருள் ஆகியவை உரியவை என்பதால் பட்டத்து இளவரசரின் இருப்பிடம் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் ‘கிழக்கு அரண்மனை’ எனப்பட்டது. சியோலில் ‘டோங்டேமுன்’ என்று மக்கள் அழைக்கும் பெரிய கிழக்கு வாயிலின் முறையான பெயரில் ‘அருளை எழுப்பும் வாயில்’ என்ற பொருள் இருப்பதும் இதனால்தான்.

இனி இடங்களைப் பார்ப்போம். ‘கிழக்குக் கடல்’ என்று இரண்டு எழுத்துகளை எழுதிச் சீனர் ஒருவரிடம் காட்டினால், ஷாங்காய்க்கு எதிரே உள்ள கிழக்குச் சீனக் கடல் என்பார். கொரியர் அதையே ‘டோங்ஹே’ என்று வாசித்து, ஜப்பானியர் ‘ஜப்பான் கடல்’ என்று அழைக்கும் நீர்ப்பரப்பைக் காட்டுவார். தென்கொரிய நாட்டுப்பண்ணின் முதல் சொல்லே அந்தக் கடல்தான். உலக வரைபடங்களில் எந்தப் பெயரை அச்சிடுவது என்று 1992 முதல் கொரியா ஐ.நா. மாநாடுகளில் எழுப்பிவரும் சர்ச்சை இதனால் வந்ததே. ஜப்பானியர் அதே இரண்டு எழுத்துகளை ‘டோகாய்’ என்று வாசித்து, டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் இடைப்பட்ட பசிபிக் கரையோரத்தை நினைப்பார். 53 தங்கல்கள் கொண்ட பழைய டோகாய்டோ நெடுஞ்சாலையும், 1964இல் ஓடத் தொடங்கிய முதல் ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையும் அந்தப் பெயரையே தாங்குகின்றன. வியட்நாமியர் ‘பியென் டோங்’, அதாவது கிழக்குக் கடல் என்பது மற்றவர்கள் தென்சீனக் கடல் என்று சொல்லும் கடல். நால்வரும் தம் வாசலில் நின்று சூரியன் எழும் பக்கத்தைச் சொல்கிறார்கள்.

‘கிழக்குப் பெருங்கடல்’ என்ற தொடர் இன்னும் விசித்திரமானது. மிங் அரசகுலக் காலத்துச் சீனருக்கு அது பிலிப்பைன்ஸின் லூசோன், புரூனை முதலிய பகுதிகளின் கடல்வழி. மிங் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே 1405 முதல் 1433 வரை கப்பல்களோடு கள்ளிக்கோட்டைக்கும் இலங்கைக்கும் வந்தது ‘மேற்குப் பெருங்கடல்’ பயணம். இலங்கையின் காலி நகரில் கிடைத்த, சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்தப் பயணங்களின் எச்சம். பின்னர் சிங் அரசின் கடைசிக் காலத்தில் சீனருக்குக் ‘கிழக்குப் பெருங்கடல்’ என்றாலே ஜப்பான் என்றாகிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த கைரிக்‌ஷாவை ஷாங்காய்வாசிகள் ‘கிழக்குப் பெருங்கடல் வண்டி’ என்றார்கள். அதே காலத்தில் ஜப்பானியரும் கொரியரும் அதே எழுத்துகளை ஐரோப்பாவுக்கு எதிரான ஒட்டுமொத்த ஆசியாவைக் குறிக்கக் கையாண்டார்கள். வியட்நாமியத்திலோ ‘டோங் ஸுவோங்’ என்றால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தோசீனா. ஒரே தொடருக்கு இவ்வளவு பொருள் இருப்பதை அறியாமல் பழைய ஆவணங்களை வாசிப்பவர் தடுக்கி விழாமல் இருக்க முடியாது.

‘கிழக்குத் தலைநகர்’ என்பதும் டோக்கியோவுக்கு மட்டும் உரிய பெயர் அன்று. முன்பு ‘எதோ’ (Edo) எனப்பட்ட அந்த ஊருக்கு அந்தப் பெயர் 1868இல்தான் வந்தது. அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வடக்குச் சோங் அரசின் தலைநகரான கைஃபெங் அப்பெயர் பெற்றிருந்தது. கொரியாவின் க்யோங்ஜு 987இல் அதைப் பெற்றது. ஹனோய்க்கு லெ அரசர்கள் 1430இல் வைத்த ‘டோங் கின்’ ஐரோப்பியர் வாயில் ‘டோங்கின்’ ஆகி, 1964இல் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொல்லி வியட்நாம் போர் விரிக்கப்பட்ட டோங்கின் வளைகுடாவில் நிலைத்துவிட்டது. ‘கணவாய்க்குக் கிழக்கு’ என்ற தொடரும் இப்படியே: ஜப்பானில் அது டோக்கியோ அமைந்த கான்டோ சமவெளி, சீனத்தில் நாட்டின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியா. 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானின் குவான்டோங் படையின் பெயரில் உள்ள எழுத்துகளும் கான்டோ சமவெளியின் எழுத்துகளும் ஒன்றே. மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: சபா, சரவாக் மாநிலங்களை அங்குள்ள சீன நாளிதழ்கள் ‘டோங் மா’ என்று அச்சிடுகின்றன. மலேசியாவின் முதல் அசைக்குக் ‘குதிரை’ எழுத்தை வைத்திருப்பதால், எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது ‘கிழக்குக் குதிரை’.

கொரியர் இந்தத் திசையையே தம் நாட்டின் பெயராக்கிக்கொண்டார்கள். சீனத்தை நடுவாக வைத்துப் பார்த்ததால் தாம் கிழக்கானோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை; ஆனால் அதைத் தனித்தன்மையின் அடையாளமாக மாற்றினார்கள். அரச மருத்துவர் ஹோ ஜுன் தொகுத்து 1613இல் அச்சேறிய ‘டோங்கி போகாம்’ என்ற மருத்துவ நூலில், சீனத்தில் வடக்கு மருத்துவமும் தெற்கு மருத்துவமும் இருக்கின்றன, நம் நாடு கிழக்கே இருக்கிறது, ஆகவே நம்முடையது ‘கிழக்கு மருத்துவம்’ என்று காரணம் காட்டியிருக்கிறார். 1860இல் சோ ஜே-உ தொடங்கிய சமய இயக்கம் ‘டோங்ஹாக்’, கிழக்குக் கல்வி, எனப்பட்டபோது எதிர்ப்பக்கம் மாறியிருந்தது. ‘மேற்குக் கல்வி’ என வழங்கிய கத்தோலிக்கத்துக்கு விடையாக அந்தப் பெயர் எழுந்தது.

கொரியரும் வியட்நாமியரும் இன்று அன்றாட எழுத்தில் சீன எழுத்துகளைக் கைவிட்டுவிட்டதால், கிழக்கின் ஒலி மட்டுமே எஞ்சியிருக்கிறது. கொரியத்தில் அதே ‘டோங்’ செம்பு, குழந்தை, குளிர்காலம், நகரப்பேட்டை என்று பலவற்றுக்கும் பொது. வியட்நாமியத்தில் கிழக்கும் குளிர்காலமும் எழுத்தில்கூட ஒன்றே. எழுத்து மறைந்ததால் நேர்ந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வியட்நாமில் கணவனை அதட்டும் மனைவியை ‘ஹா டோங் சிங்கம்’ என்பார்கள். இன்று ஹனோயின் பகுதியாகிவிட்ட ஹா டோங் ஊர்ப் பெண்களைத்தான் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சோங் காலச் சீனக் கவிஞர் சூ டோங்போ தம் நண்பரின் மனைவியைக் கேலிசெய்து எழுதிய வரி. ஆற்றுக்குக் கிழக்கே என்று பொருள்படும் ஹெடோங், மஞ்சளாற்றின் கிழக்கே ஷான்சியில் உள்ள பகுதி. அந்தப் பெண்ணின் குலம் அங்கிருந்து வந்தது. கவிஞரின் ‘டோங்போ’ என்ற பெயரும் நாடுகடத்தப்பட்ட காலத்தில் அவர் பயிரிட்ட ‘கிழக்குச் சரிவு’ நிலத்தால் வந்ததுதான்.

கடைசியாக, கற்பவருக்கு வேண்டியது. மக்கள் சீனமும் சிங்கப்பூரும் மலேசியாவும் 1956இன் எளிய வடிவத்தைப் பின்பற்றி இதை ஐந்தே கோடுகளில் எழுதுகின்றன. கூட்டெழுத்தாக வேகமாக எழுதிய பழைய கைவடிவத்திலிருந்து அது வந்தது. அதில் மரமும் இல்லை, சூரியனும் இல்லை, மூட்டையும் இல்லை. ஜப்பான் பல எழுத்துகளைச் சுருக்கியபோதும் இதைத் தொடவில்லை. தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பில் எட்டுக் கோடுகளுடனேயே கற்பிக்கிறார்கள். எனவே ஜப்பானிய வடிவத்தை மனத்தில் நிறுத்த மரத்துச் சூரியனை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதை வரலாறு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் வடகிழக்கு என்பதை அவர்கள் ‘கிழக்குவடக்கு’ என்ற வரிசையில்தான் எழுதுவார்கள் என்பதை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள். எழுத்து தனியே வந்தால் ‘ஹிகாஷி’, வேறொரு சீனச் சொல்லோடு ஒட்டினால் ‘டோ’ என்பது பொதுவிதி. போதிசேனர் என்ற இந்தியத் துறவி 752இல் பெரிய புத்தர் சிலைக்குக் கண்திறந்த நாரா கோயில் ‘டோதாய்ஜி’. ஆனால் கியோட்டோவில் உள்ள மடத்தின் பெயர் ‘ஹிகாஷி ஹோங்கான்ஜி’. ஊர்ப் பெயர்களையும் கோயில் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியதுதான். குடும்பப் பெயராக இந்த ஓர் எழுத்து மட்டும் வந்தால் ‘ஹிகாஷி’யா ‘அசுமா’வா என்பதை ஜப்பானியரே பார்த்தவுடன் சொல்ல மாட்டார்கள், உரியவரிடம் கேட்டுவிடுவது வழக்கம்.